பளிங்கு முகத்தில் வெள்ளைப் புள்ளிகள்: கல் சொத்தையா, உளி பிடித்த விதம் தப்பா?

கருங்கல்மணி:
எல்லோருக்கும் வணக்கம். மாமல்லபுரம் பக்கம் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருடமாகக் கருங்கல்லில்தான் வேலை. முதல் தடவையாக வெள்ளைப் பளிங்கில் ஒரு மாதா முகம் செய்ய ஒப்புக்கொண்டேன். ராஜஸ்தான் மக்ரானா கல், ஒன்றரை அடி உயரம். உளி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. கருங்கல்லில் பத்து நாள் பிடிக்கும் வேலை மூன்றே நாளில் முடிந்தது.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவியபோதுதான் வயிறு கலங்கியது. இடது கன்னத்திலும் தாடையிலும் மிளகு அளவு வெள்ளைப் புள்ளிகள், சுண்ணாம்பு தெறித்தது போல. இன்னும் தேய்த்தேன், போகவில்லை. ஒன்று மறைந்தால் பக்கத்தில் இன்னொன்று தெரிகிறது. கல் சொத்தையா? வெளிநாட்டில் பழைய முறையில் பளிங்கு செதுக்கியவர்கள் இதை எப்படித் தவிர்த்தார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராஜி_பியத்ராசாந்தா:
மணி அண்ணா, வணக்கம். நான் இத்தாலியில் பியத்ராசாந்தா ஊரில் ஒரு பட்டறையில் இரண்டு வருடம் வேலை கற்றேன். பதில் சொல்லும் முன் ஒரு கேள்வி. கூர் உளியைக் கல்லுக்கு எப்படிப் பிடித்தீர்கள்? நட்டுக்குத்தாகவா, சாய்த்தா?

கருங்கல்மணி:
நட்டுக்குத்தாகத்தான் அக்கா. கருங்கல்லில் அப்படித்தானே அடிக்க முடியும்? சாய்த்தால் உளி வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். நேராக அடித்துப் பொடியாக்கிப் பொடியாக்கித்தான் இறக்குவோம்.

ராஜி_பியத்ராசாந்தா:
அதுதான் காரணம். கல்லில் குற்றமில்லை. உங்கள் கையிலும் திறமைக் குறைவு இல்லை. வேறு கல்லுக்குப் பழகிய கை அது.

பளிங்கு என்பது சுண்ணாம்புக்கல் பூமிக்கடியில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் மாறி உண்டானது. உள்ளே முழுக்க கால்சைட் படிகங்கள், ஒன்றோடு ஒன்று கோத்துக் கிடக்கும். நல்ல பளிங்கில் வெளிச்சம் கொஞ்சம் உள்ளே போய்த் திரும்பி வருவதால்தான் சதை மாதிரி ஒரு மென்மை தெரிகிறது. உளியை நேர்க்குத்தாக அடித்தால் மேலே கல் பொடியாவதோடு வேலை முடிவதில்லை. அந்த இடத்துக்குக் கீழே சில மில்லிமீட்டர் ஆழம்வரை படிகங்கள் நொறுங்கிப் போகின்றன. நொறுங்கிய படிகத்தில் வெளிச்சம் உள்ளே போகாமல் அங்கேயே சிதறுகிறது. அதுதான் உங்கள் சுண்ணாம்புப் புள்ளி. செதுக்கும்போது எல்லாமே பொடி படிந்து வெளுத்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. மெருகு ஏற ஏறத்தான் வெளியே வரும். எங்கள் பட்டறையில் இதைக் கல்லின் காயம் என்றே சொல்வோம். உடம்பில் அடிபட்டால் தோலுக்குக் கீழே கன்றிப்போகுமே, அதே மாதிரி.

கருங்கல்லுக்கு மோஸ் அளவில் கடினம் 6, 7 வரும். பளிங்கு 3தான். அதனால்தான் உளியைச் சாய்த்துப் பிடிக்க முடிகிறது, சாய்க்கவும் வேண்டும். மீதியை ராத்திரி எழுதுகிறேன்.

கலைவரலாறு_ஆசிரியர்:
நல்ல கேள்வி. இங்கே ஒன்றைச் சேர்க்க வேண்டும். மணி செய்தது புதுத் தவறு அல்ல. கிரேக்கர்கள் கி.மு. 6ஆம் நூற்றாண்டில் செய்த இளைஞர் சிலைகளை 'கூரோஸ்' என்பார்கள். அவற்றிலும் கூர் உளியைக் கிட்டத்தட்ட நேர்க்குத்தாக அடித்த தடம் இருக்கிறது. நக்ஸோஸ் தீவில் அப்பொல்லோனாஸ் என்ற இடத்தில் 10 மீட்டருக்கும் நீளமான ஒரு சிலை, பாதி வேலையோடு குவாரியிலேயே மல்லாந்து கிடக்கிறது. அதே தீவில் ஃபிளேரியோ பக்கம் கால் உடைந்த இன்னொன்று. அரைகுறைச் சிலைகள் கலை மாணவர்களுக்குப் பெரிய பாடப்புத்தகம், ஏனென்றால் முடிந்த சிலையில் எல்லாத் தடமும் அழிந்துவிடுகிறது.

அவர்கள் நான்கு பக்கமும் சுற்றிச் சுற்றி, வெங்காயம் உரிப்பது போல அடுக்கடுக்காக இறக்கினார்கள். கடைசியில் நக்ஸோஸ் தீவிலேயே கிடைத்த எமரி கல்லால் தேய்த்தார்கள். எமரியில் இருக்கும் கடினமான பொருள் நம் குருந்தக்கல்தான். 'கொரண்டம்' என்ற பெயரே 'குருந்தம்' என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து போனது. தேய்த்த பிறகு வண்ணம் பூசிவிடுவார்கள். எனவே மேல்தோலில் காயம் இருந்தாலும் இன்று உங்களை உறுத்துவது போல அன்று அவர்களை உறுத்தியிருக்காது என்பது என் கருத்து. வெள்ளைப் பளிங்கை வெள்ளையாகவே ரசிப்பது பிற்காலத்துக் கண்.

பல் உளி என்ற கருவி கிரேக்கத்தில் அதே 6ஆம் நூற்றாண்டில்தான் புழக்கத்துக்கு வந்தது. அது வந்த பிறகு பளிங்கு வேலையின் போக்கே மாறிவிட்டது.

புதுமுகம்_கார்த்தி:
ஐயா, எனக்கு ஒரு சந்தேகம். மைக்கேலாஞ்சலோ அளவெல்லாம் பார்க்காமல் கல்லுக்குள் இருக்கிற உருவத்தை அப்படியே 'விடுதலை' செய்தார் என்று கல்லூரியில் சொன்னார்கள். பிறகு எதற்கு இத்தனை வரிசை, இத்தனை கருவி?

ராஜி_பியத்ராசாந்தா:
கார்த்தி தம்பி கேள்விக்குப் பிறகு வருகிறேன். முதலில் மணி அண்ணாவுக்குக் கருவி வரிசை.

முதலில் கூர் உளி, இத்தாலியில் சுப்பியா. கல் முகத்துக்கு 45 முதல் 60 டிகிரி வரை சாய்த்துப் பிடிக்க வேண்டும். அடித்த இடத்திலேயே அடிக்கக் கூடாது. உளி ஒரு கோடாக ஓட வேண்டும், ஏர் உழுவது போல. ஒரு சால் முடிந்ததும் பக்கத்திலேயே இணையாக இன்னொரு சால். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் வரப்பு பாதி தானாகவே பெயர்ந்து விழும். பெயர்த்து எடுப்பதுதான் இங்கே வேலை, பொடியாக்குவது இல்லை. சரியாகப் போகிறதா என்று காதே சொல்லிவிடும். சத்தம் ஒரே சீராக வரும். உளி நிமிர்ந்துவிட்டால் சத்தம் மொத்தையாகிவிடும், கையில் அதிர்வு ஏறும். என் மாஸ்டர் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தபடியே, திரும்பிக்கூடப் பார்க்காமல், "சாய்த்துப் பிடி" என்று குரல் கொடுப்பார்.

அப்புறம் பல் உளி, கிராதினா. நாலைந்து பல் இருக்கும். கூர் உளி விட்ட சால்களை இது சமப்படுத்தும். ஒரு திசையில் ஒரு முறை, குறுக்கே ஒரு முறை ஓட்டினால் உருவத்தின் மேடு பள்ளம் எல்லாம் கோட்டோவியம் போலத் தெரியும். எனக்குப் பளிங்கு வேலையிலேயே பிடித்த கட்டம் இதுதான். முகம் அப்போதுதான் முதல் முதலாக எட்டிப் பார்க்கும்.

பிறகு பட்டை உளி, பள்ளங்களுக்கு வட்ட முனை உளி, அதற்குப் பிறகு அரம். ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் படுத்த கோணம், கொஞ்சம் லேசான அடி.

இப்போது முக்கியமான விஷயம். ஒவ்வொரு கருவியும் அடுத்த கருவிக்குக் கல்லை மிச்சம் வைக்க வேண்டும். கூர் உளியோடு நான் கடைசி முகத்துக்கு ஒரு விரற்கடை முன்பே நின்றுவிடுவேன். பல் உளி மூன்று, நான்கு மில்லிமீட்டர் விடும். பட்டை உளி ஒன்று விடும். கூர் உளி எவ்வளவு பதமாக அடித்தாலும் கீழே கொஞ்சம் கன்றத்தான் செய்யும். அந்தக் கன்றிய தோலைத்தான் அடுத்த உளி வழித்து எடுக்கிறது. நீங்கள் கூர் உளியாலேயே கன்னம்வரை போய்விட்டுத் தாள் போட்டிருக்கிறீர்கள். காயத்தை எடுக்கக் கல் மிச்சமில்லை.

கருங்கல்மணி:
படித்ததும் பட்டறைக்குப் போய் ஒரு துண்டுக் கல்லை எடுத்துப் பார்த்தேன். பாதியில் நேர்க்குத்து, பாதியில் சாய்வு. இரண்டையும் ஒரே மாதிரி தேய்த்தேன். நேர்க்குத்துப் பாதியில் வானத்து நட்சத்திரம் போலப் புள்ளி. சாய்த்த பாதியில் ஒன்றிரண்டுதான். இத்தனை வருடம் கழித்து உளி பிடிக்கக் கற்றுக்கொள்கிறேன். ரொம்ப நன்றி அக்கா.

சுத்தியல் எப்படி? நாங்கள் பயன்படுத்துவது எஃகு.

ராஜி_பியத்ராசாந்தா:
அங்கே மென்மையான இரும்பு. உளியின் தலை சுத்தியலில் கொஞ்சம் பதியும், வழுக்காது, மணிக்கட்டுக்கும் நல்லது. வருடக்கணக்கில் அடித்துச் சுத்தியல் முகத்தில் குழியே விழுந்திருக்கும், அதை யாருக்கும் இரவல் தர மாட்டார்கள்.

கலைவரலாறு_ஆசிரியர்:
கார்த்தி, 'விடுதலை' கதையை முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை வேலைமுறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஃபிளாரன்ஸ் நகர அக்காதெமியா கூடத்தில் அவர் முடிக்காமல் விட்ட நான்கு 'அடிமைகள்' நிற்கின்றன. போப் இரண்டாம் ஜூலியஸின் கல்லறைக்காகத் தொடங்கியவை. கூடவே முடிவடையாத மத்தேயு சிலையும் இருக்கிறது. அங்கே போய்ப் பார்த்தால் அவர் கை தெளிவாகத் தெரியும். கிரேக்கர்கள் போல நான்கு பக்கமும் சுற்றி இறக்கவில்லை. பாறையின் முன் முகத்தில் உருவத்தை வரைந்துகொண்டு, முன்னாலிருந்து பின்னோக்கிப் போயிருக்கிறார். முட்டி, மார்பு, தோள் என்று முன்னால் துருத்தும் பாகங்கள் முதலில் வெளியே வருகின்றன. அட்லஸ் அடிமைக்குத் தலை இன்னும் பாறைக்குள்ளேயே இருக்கிறது. மத்தேயுவின் மேல் ராஜி சொன்ன பல் உளியின் குறுக்குக் கோடுகள், பேனாவால் நிழல் தட்டியது போல அப்படியே நிற்கின்றன.

அவரைப் பற்றி எழுதிய வசாரி இதற்கு ஓர் உவமை சொன்னார். மெழுகு உருவம் ஒன்றைத் தண்ணீர்த் தொட்டியில் படுக்கவைத்து மெல்ல மெல்லத் தூக்குங்கள். மேடான பாகம் முதலில் தண்ணீருக்கு மேலே வரும், பிறகு மற்றவை. கல்லிலிருந்து உருவம் அப்படி வர வேண்டும் என்கிறார். கவனியுங்கள், அந்த உவமையிலேயே ஒரு மெழுகு மாதிரி இருக்கிறது. மைக்கேலாஞ்சலோ மாதிரி செய்தார், வரைந்தார், யோசித்தார். இந்த முறையின் லாபம் என்னவென்றால், பின்னால் எப்போதும் கல் மிச்சமிருக்கும். கை நினைத்த இடத்தில் வராவிட்டால் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்துக்கொள்ளலாம்.

தாவீது சிலைக்கு அந்த வசதிகூடக் கிடையாது. 1464இல் அகோஸ்தினோ தி தூச்சோ தொடங்கி விட்டுப்போன கல் அது. பிறகு ரோசெல்லீனோ கொஞ்ச காலம் கை வைத்தார். அப்புறம் தேவாலய முற்றத்தில் வெயிலிலும் மழையிலும் கால் நூற்றாண்டு கிடந்தது. உயரம் உண்டு, தடிமன் போதாது. 1501 செப்டம்பரில் மைக்கேலாஞ்சலோ உளி வைத்தார், 1504இல் முடித்தார். 5.17 மீட்டர். தாவீதின் உச்சந்தலையில் பழைய கல்லின் கரடுமுரடான மேல்தோல் கொஞ்சம் இன்னும் இருக்கிறது. அத்தனை இறுக்கமான அளவு. அளவு பார்க்காதவர் அந்தக் கல்லில் ஆளை நிறுத்தியிருக்க முடியாது.

புதுமுகம்_கார்த்தி:
நன்றி ஐயா. அப்படியென்றால் புள்ளி வைத்து அளந்து, கருவி கொண்டு நகல் எடுத்துச் செதுக்குவதும் தப்பில்லையா? எங்கள் வகுப்பில் ஒருவர் அதைக் கலையே இல்லை என்று அடித்துப் பேசினார்.

தஞ்சைவாசி:
இதில் நான் உரிமையோடு பேசலாம், ஏனென்றால் எங்கள் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. தஞ்சை அரண்மனையில் இருக்கும் சரபோஜி மன்னரின் வெள்ளைப் பளிங்குச் சிலை, சிவகங்கைப் பூங்கா பக்கத்து ஷ்வார்ட்ஸ் தேவாலயத்தில் ஷ்வார்ட்ஸ் என்ற ஜெர்மன் பாதிரியாரின் மரணப் படுக்கையைக் காட்டும் புடைப்புச் சிற்பம், இரண்டும் லண்டன் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மன் பட்டறை வேலை. அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. சின்ன வயதிலிருந்து அந்தத் தேவாலயத்துக்குப் போகிறேன். படுக்கையில் கிடக்கும் பெரியவரின் கையை மன்னர் பிடித்திருக்கும் இடத்தை அத்தனை முறை பார்த்திருக்கிறேன். இது தஞ்சாவூர்க் கல் இல்லை, கப்பலில் வந்தது என்று அப்பா சொன்னபோது நம்ப முடியவில்லை. ஃபிளாக்ஸ்மன் பெரும்பாலும் சின்னச் சின்ன மாதிரிகள் செய்து கொடுப்பாராம், கல்லில் பெரிதாக்கியது உதவியாளர்கள். அந்தக் கைகளைப் பற்றி யாராவது எழுதுங்களேன்.

ராஜி_பியத்ராசாந்தா:
தஞ்சைவாசி ஐயா, உங்கள் பதிவைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. அந்தக் கைகளில் ஒரு கையாக நானும் கொஞ்ச நாள் இருந்திருக்கிறேன்.

முறை இதுதான். சிற்பி களிமண்ணில் செய்வார். களிமண் காய்ந்து வெடிக்கும் முன் அதற்கு அச்சு எடுத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்ப்பார்கள். அந்த பிளாஸ்டர் உருவத்தில் மூன்று ஆதாரப் புள்ளிகள், மேலே ஒன்று, அடியில் இரண்டு. கல்லிலும் அதே மூன்று. ஒரு மரச் சிலுவைச் சட்டத்தை மேல் புள்ளியில் மாட்டி, கீழ்ப் புள்ளிகளில் சாய்த்து வைத்தால் அது பிளாஸ்டரிலும் கல்லிலும் ஒரே மாதிரி உட்காரும். சட்டத்தில் மூட்டு மூட்டாக மடங்கும் பித்தளைக் கை, அதன் நுனியில் முன்னும் பின்னும் ஓடும் ஊசி, ஊசியில் ஒரு நிறுத்தி. பிளாஸ்டர் மூக்கு நுனியில் ஊசியை வைத்து நிறுத்தியை இறுக்க வேண்டும். ஊசியைப் பின்னுக்கு இழுத்துச் சட்டத்தைக் கழற்றிக் கல்லில் மாட்ட வேண்டும். ஊசி முன்னே வந்து கல்லில் முட்டும். நிறுத்தி இன்னும் எட்டவில்லை என்றால் அவ்வளவு கல் மிச்சம். செதுக்கு, பார், செதுக்கு, பார். எட்டப்போகும்போது நிறுத்திவிட்டுப் பென்சிலால் ஒரு புள்ளி. ஒரு முகத்துக்கே நூற்றுக்கணக்கில் புள்ளி வைப்போம்.

18ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த கருவி இது. பிரான்சில் கத்தோ, இங்கிலாந்தில் ஜான் பேக்கன் என்று இரண்டு பேரைச் சொல்வார்கள். இத்தாலியச் சிற்பி கனோவாவின் பட்டறை இந்தப் புள்ளி முறையில்தான் ஓடியது. அவர் பிறந்த பொஸ்ஸாஞ்ஞோ ஊரில் அவருடைய பிளாஸ்டர் உருவங்களுக்கென்றே ஒரு கூடம் இருக்கிறது. அழகான உடம்பு முழுக்க அம்மைத் தழும்பு போலச் சின்ன உலோக ஆணித் தலைகள். எல்லாம் அளவுப் புள்ளிகள். உதவியாளர்கள் கல்லை அந்தப் புள்ளிவரை கொண்டுவந்து தருவார்கள். கடைசித் தோலை மட்டும் கனோவா தானே எடுப்பார், பெரும்பாலும் மெழுகுவத்தி வெளிச்சத்தில். பக்கவாட்டில் ஒற்றை வெளிச்சம் விழுந்தால்தான் கன்னத்தின் மேடு பள்ளம் பிசிறில்லாமல் தெரியும். மணி அண்ணா, டியூப்லைட்டை அணைத்துவிட்டு ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள், புரியும்.

கலையா இல்லையா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. ஊசி இடத்தைத்தான் காட்டும். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவில் இருக்கும் இரண்டு சென்டிமீட்டர் கன்னத்தை அது காட்டாது. அதைச் செதுக்கும் கை செத்த கையாக இருந்தால் சிலையும் செத்ததாகத்தான் வரும்.

கலைவரலாறு_ஆசிரியர்:
நகலெடுப்பதும் பழைய சங்கதிதான். கிரேக்க வெண்கலச் சிலைகளை ரோமானியர்கள் பளிங்கில் ஏராளமாக நகலெடுத்தார்கள். நேப்பிள்ஸ் அருகே பாயா என்ற இடத்தில் 1954இல் பிளாஸ்டர் அச்சுத் துண்டுகள் கிடைத்தன. கிரேக்க வெண்கலத்திலிருந்து நேராக எடுத்த அச்சுகள். முடியாமல் நின்ற ரோமானியச் சிலைகளில் அளவுக்காக விட்டுவைத்த சின்ன மொட்டுகளும் உண்டு. வெண்கலத்தில் கால் மட்டும் போதும், பளிங்கில் கணுக்கால் அந்த எடையைத் தாங்காது. அதனால்தான் அந்த நகல்களில் காலை ஒட்டி ஒரு மரக்கட்டை முளைத்திருக்கிறது. தாவீதுக்கும் அதுவே துணை. அப்படியும் அவனுடைய இடது கணுக்காலிலும் அந்தக் கட்டையிலும் மயிரிழை விரிசல் உண்டு.

புதுமுகம்_கார்த்தி:
இத்தாலியச் சிற்பி பெர்னினியின் அப்பொல்லோ, டாஃப்னே சிலையில், மரமாக மாறும் டாஃப்னேயின் விரல் நுனியில் இலை முளைக்கிறதே. உளியால் அடித்தால் ஒடிந்துவிடாதா?

ராஜி_பியத்ராசாந்தா:
அடித்தால் ஒடியும். அதனால் அங்கே அடிப்பதில்லை, துளைப்பார்கள். நம் ஆசாரிகள் வைத்திருக்கும் கயிற்றுத் துரப்பணம் மாதிரிதான். ஒருவர் முனையைப் பிடித்துக் குறி பார்ப்பார், எதிரே இன்னொருவர் கயிற்றை மாறி மாறி இழுப்பார். பக்கத்தில் பக்கத்தில் துளை போட்டு, நடுவில் நிற்கும் சுவர்களை மெல்ல எடுத்தால் ஆழமான பள்ளம் கிடைக்கும். தலைமுடி, துணி மடிப்பு, இலைகளின் இடைவெளி எல்லாம் இப்படித்தான். மெல்லிய பாகங்களுக்கு நடுவே சின்னப் பாலம் போலக் கல்லை விட்டுவைத்து, கடைசியில்தான் அறுப்பார்கள். சில பாலங்களை அறுக்காமலே விட்டுவிடுவதும் உண்டு.

1622இல் தொடங்கி 1625இல் முடிந்த அந்தச் சிலையில், அந்த நுணுக்கமான இலை வேலையைச் செய்தது பெர்னினியின் உதவியாளர் ஜூலியானோ ஃபினெல்லி. பேர் முழுக்க பெர்னினிக்குப் போனதால் மனம் வெறுத்து அவர் பட்டறையை விட்டுப் போய்விட்டார். ரோமில் போர்கேசே மாளிகையில் அந்த இலைகளின் முன்னால் நின்றபோது நான் மனசுக்குள் ஃபினெல்லிக்குத்தான் கும்பிடு போட்டேன்.

தஞ்சைவாசி:
அந்தப் பெயரை இன்றுதான் கேள்விப்படுகிறேன். இனி மறக்க மாட்டேன்.

கருங்கல்மணி:
நான்கு நாளாக இந்த இழையைப் படித்துப் படித்து வேலை செய்கிறேன். இப்போதைய நிலவரம்:

பழைய முகத்தைக் காப்பாற்ற முடியவில்லை. கன்னத்தை மூன்று மில்லிமீட்டர் இறக்கினால் மூக்கு துருத்துகிறது, மூக்கை இறக்கினால் உதடு போகிறது. அதைப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டேன். சிலை கேட்டவர்களிடம் உண்மையைச் சொன்னேன். பொறுத்துக்கொண்டார்கள், சின்ன மனசு இல்லை.

புதுக் கல் வந்துவிட்டது. தட்டிப் பார்த்தேன், மணி போலக் கணீரென்று இருந்தது. நாங்கள் கருங்கல்லிலும் ஓசை கேட்டுத்தான் எடுப்போம், அது மட்டும் எந்த ஊரிலும் மாறாது போல. ஆனாலும் மனசு கேட்காமல் கல் முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் காய விட்டேன். எல்லா இடமும் காய்ந்த பிறகும் ஒரு மூலையில் நூல் போல ஒரு ஈரக் கோடு நின்றது. இது விரிசல்தானே?

ராஜி_பியத்ராசாந்தா:
விரிசல்தான். அங்கே 'பேலோ' என்பார்கள், மயிர் என்று அர்த்தம். தண்ணீர் அதற்குள் போய்க் கடைசியாகக் காயும். நல்ல வேளை, இப்போதே பார்த்தீர்கள். எந்த மூலை?

கருங்கல்மணி:
பின்பக்கம், இடது மேல் மூலை. கல்லைத் திருப்பிவைத்து அந்த மூலை முழுவதும் வெட்டிப் போகும் பகுதியில் விழுகிற மாதிரி மாதாவின் முக்காட்டை வரைந்துவிட்டேன். முன் முகத்தில் கரியால் கோடு. பல் உளியைக் கொல்லரிடம் புதிதாக அடித்து வாங்கினேன், ஐந்து பல், தோய்ச்சல் நன்றாக நிற்கிறது. மெருகுக்கு என்ன போடுவார்கள்?

ராஜி_பியத்ராசாந்தா:
அரத்துக்குப் பிறகு நுரைக்கல், தண்ணீர் விட்டு. பிறகு மெல்லிய திரிப்போலிப் பொடி. அந்தக் காலத்தில் வைக்கோலை முறுக்கி அதனாலேயே தேய்த்திருக்கிறார்கள். ஆனால் முகத்துக்கு முழு மெருகு ஏற்றாதீர்கள். கண்ணாடி போலப் பளபளத்தால் வெளிச்சம் மேலேயே வழுக்கிப் போய்விடும், கன்னத்தின் வளைவு தெரியாது. முக்காட்டில் பல் உளித் தடத்தைக் கொஞ்சம் அப்படியே விடுங்கள், முகம் அதன் பக்கத்தில் இன்னும் மென்மையாகத் தெரியும்.

பளிங்குப் பொடி கருங்கல் பொடி அளவுக்கு நுரையீரலைக் கெடுக்காது, அதில் சிலிக்கா மிகக் குறைவு. அதற்காக முகமூடியைக் கழற்றிவிட வேண்டாம் அண்ணா. பக்கத்திலேயே உங்கள் ஆட்கள் கருங்கல் அடிக்கிறார்கள் இல்லையா?

கருங்கல்மணி:
அடிக்கிறார்கள். பளிங்குக்குத் தனியாகத் தென்னங்கீற்றில் ஒரு கொட்டகை போட்டுவிட்டேன். இன்று காலை முதல் சால் ஓட்டினேன். நெற்றிக்கு ஒரு விரற்கடை முன்பே நின்றுவிட்டேன். சாயங்காலம் டார்ச் வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுகிறேன்.

ராஜி_பியத்ராசாந்தா:
போடுங்கள். மூக்குப் பக்கம் இரண்டு விரற்கடையாக வைத்துக்கொள்ளுங்கள், மூக்குதான் எப்போதும் முதலில் தீர்ந்துபோகும்.